எழுந்து போனவருக்கு அடுத்தவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது டோக்கன் அக்காவின் கதை. நடுநடுவே நானும் வருவேன். வருகிற இடமெல்லாம் அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

கண் மருத்துவமனையின் கீழ்த்தளக் கூடத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், அக்கா இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதுகூடச் சரியில்லை, பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருப்பார். வருகிறவர்களுக்கு எண் அட்டை கொடுப்பது, முறை வந்ததும் கூப்பிட்டு டாக்டர் அறைக்குள் அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. ஆனால் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவருக்குச் சுவரில் இருக்கும் எண்பலகை தெரியாது. கையில் இருக்கும் அட்டைகூடத் தெரியாது. ஐம்பது பேர் மங்கிய பார்வையோடு அவர் குரலை நம்பித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

"நாப்பத்திரெண்டு! பச்ச ஸ்வெட்டர் பெரியம்மா, உங்களத்தான். பைய அப்படியே வச்சிட்டுப் போங்க, நான் என்ன எடுத்துக்கிட்டு ஓடவா போறேன்?"

கூடம் சிரிக்கும். அந்தம்மாவும் சிரித்துக்கொண்டே உள்ளே போவார்.

அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். ஒரே மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். கடைசி நோயாளி போகும்வரை அக்கா எழுந்திருக்க மாட்டார். மதியச் சாப்பாட்டை நின்றபடியே நாலு வாயில் முடித்துவிடுவார். காதில் எப்போதும் ஒரு பென்சில், முழங்கைக்குக் கீழே ஒரு கோடு போட்ட நோட்டு. யார் எப்போது வந்தார், எங்கே உட்கார்ந்திருக்கிறார், துணைக்கு ஆள் உண்டா, எல்லாம் அதில் இருக்கும்.

அந்த நோட்டைப் பிடுங்கத்தான் நான் வந்து சேர்ந்தேன்.

மூன்றாவது மாடியில் உட்கார்ந்து மருத்துவமனைக்குப் புரோகிராம் எழுதுகிறவள் நான். அக்கா வைத்த பெயர் கம்ப்யூட்டரம்மா. நோட்டுக்குப் பதிலாகத் திரையில் ஒரு பட்டியல் வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். பட்டியல் என்பது எல்லாக் கணினி மொழியிலும் தயாராகவே கிடைக்கும். சேர் என்றால் சேர்க்கும், நீக்கு என்றால் நீக்கும். எத்தனையோ பேர் பயன்படுத்திப் பயன்படுத்திப் பழுது பார்த்து வைத்தது. பேசாமல் அதை எடுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் என் தலைக்கனம் சும்மா இருக்குமா? அவசரமாக வருகிறவரை நடுவில் நுழைக்க வேண்டும், சொட்டு மருந்துக்குப் போனவர் திரும்பி வந்தால் சேர்க்க வேண்டும், இப்போது யாருடைய முறை என்பதைப் பட்டியலே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டு, சொந்தமாக ஒரு லிஸ்ட் கிளாஸ் எழுதினேன். கிளாஸ் என்றால் அச்சு மாதிரி. ஒன்றைச் செய்து வைத்தால் டாக்டருக்கு ஒன்றாக எத்தனை பட்டியல் வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம். அச்சு கோணலாக இருந்தால் அத்தனையும் கோணல்தான். அதை அப்போது யார் நினைத்தார்கள்?

சோதித்துப் பார்க்காமல் இல்லை. சோதனைப் பட்டியலுக்கு ஐந்து பேர் வேண்டியிருந்தது. வீட்டு ஆட்களையே போட்டேன்: அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, நான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டது, சரி. நடுவில் ஆளை நுழைத்தது, சரி. அடுத்து, கூப்பிட்டும் வராதவரை நீக்கிப் பார்க்க வேண்டும். அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. 'அப்பாவை நீக்கு' என்று அடிக்கக் கை வரவில்லை. அம்மாவையும் அடிக்க மனசில்லை. உயிரோடு இருக்கிற அண்ணனைத் தூக்குவானேன் என்று அவனையும் விட்டுவிட்டேன். கடைசியில் இருந்த என்னையே நீக்கினேன். பட்டியல் ஒழுங்காக நான்காகக் குறைந்தது. பத்துத் தடவை செய்து பார்த்தேன், பத்துத் தடவையும் என்னைத்தான் நீக்கினேன். பிழையே இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

கடைசி ஆளை நீக்கினால் பின்னால் பாதிக்கப்பட ஆளே இல்லை. இது எனக்கு உறைக்க ஏழு மாதம் ஆயிற்று.

அக்காவுக்கு மூன்றே மாதத்தில் உறைத்துவிட்டது. ஒருநாள் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தார். கையில் பழைய நோட்டு.

"கம்ப்யூட்டரம்மா, ஒரு நிமிஷம் இதப் பாரேன். கூப்பிட்டும் வராம எழுந்து போயிட்டாங்கன்னு அமுக்குறேன்ல, அப்போ அவங்களுக்கு அடுத்து இருக்கறவங்கள உன் மெஷின் முழுங்கிடுது. அவங்க பேரு வரவே மாட்டேங்குது."

எனக்கு அன்று ஆயிரம் வேலை. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

"அக்கா, மெஷின் யாரையும் முழுங்காது. நீங்க பட்டன ரெண்டு தடவ அமுக்குறீங்க. மெதுவா ஒரு தடவ அமுக்குங்க, போதும்."

"ஒரு தடவதாம்மா அமுக்குறேன். எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன், பாரு..."

"நோட்ட மூட்டை கட்டி வைங்கக்கா. அதுக்குத்தான இதையே போட்டோம்?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அக்காவும் ஒப்புக்குச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார். நோட்டின் ஒரு பக்கத்தைக்கூட நான் திருப்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் வரவில்லை. தானே சமாளித்துக்கொண்டார். யாராவது எழுந்து போனால், அடுத்து இருந்தவர் யார் என்று நோட்டில் பார்த்து, திரை சொல்லாவிட்டாலும் அவரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பலகையில் ஒரு எண், உள்ளே போவது வேறு ஆள். தெரிந்தவர்களை முந்தி விடுகிறார் என்று யாரோ புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். மேனேஜர் என்னிடம் கணக்கெடுக்கச் சொன்னார். கணினிப் பதிவைத் தோண்டி அரை மணி நேரத்தில் அறிக்கை தயாரித்தேன். வரிசையை மீறி உள்ளே அனுப்பியது முப்பத்தொரு தடவை. தடித்த எழுத்தில் வேறு போட்டேன்.

காலைக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், மேனேஜர் அந்த எண்ணை வாசித்தார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"நான் தெரிஞ்சவங்கள விடல சார். விட்டுப்போனவங்களத்தான் கூப்பிட்டேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மெஷின்ல தப்பு இருக்க சான்ஸ் உண்டா?"

"இல்ல சார்," என்றேன்.

யோசிக்கவே இல்லை, பாவி. மூச்சு விடுவதுபோலச் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. மேலே ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பவர்போல இருந்தது. நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

அவரை நிலவறைக்கு, பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெற ஆறு வாரம்தான் பாக்கி. கூடத்தில் ஒரு புதுப் பெண் வந்து உட்கார்ந்தாள், திரை சொன்னதை மட்டும் சொன்னாள். கூச்சல் தொடங்கியது. தினமும் இரண்டு பேர், மூன்று பேர், "காலைலேந்து உக்காந்திருக்கேன், எனக்கப்புறம் வந்தவன் போயிட்டான்" என்று தடுப்புக் கண்ணாடியைத் தட்டினார்கள். புதுசுதானே, பழகிவிடுவாள் என்றார் மேனேஜர். நானும் ஆமாம் போட்டேன்.

ஆறாவது வாரம், திங்கட்கிழமை, என் அம்மா கண் காட்ட வந்தார். மகள் மேலே வேலை பார்க்கிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை, அது அவர் சுபாவம். ஒன்பது மணிக்கு வந்தவர் நாலு மணிவரை சொட்டு மருந்துக் கண்ணோடு உட்கார்ந்திருந்துவிட்டு, சுவரைத் தடவித் தடவி பஸ் நிறுத்தத்துக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து இதைக் கேட்டதும் நான் குதித்தேன்.

"கூப்பிடலன்னா எழுந்து போய்க் கேக்க வேண்டியதுதானம்மா! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எனக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாரும்மா. அவரு பொறுக்க முடியாம எழுந்து போயிட்டாரு. சரி, அடுத்தது நாமதான்னு இருந்தேன். கூப்பிடவே இல்ல."

எழுந்து போனவருக்கு அடுத்தவர். மூன்று மாடி ஏறி வந்து அக்கா சொன்னதும் இதேதான்.

செவ்வாய் காலை முதல் வேலையாகக் கிளாஸைத் திறந்தேன். நீக்குகிற இடம் பதினொரு வரிதான். எட்டாவது ஆளை நீக்கினால் பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொரு இடம் முன்னால் நகர்வார்கள், ஒன்பதாவது ஆள் எட்டாவது இடத்துக்கு வந்துவிடுவார். ஆனால் இப்போது யாருடைய முறை என்று ஞாபகம் வைக்க நான் எழுதிய முறை எண் அதைக் கவனிக்காமல் ஒன்பதுக்குத் தாவிவிடும். நகர்ந்து வந்தவர் அதன் முதுகுக்குப் பின்னால் நின்றுவிடுவார், பிறகு அவரைக் கூப்பிட நாதியில்லை. நீக்கியதும் முறை எண் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான் திருத்தம். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அந்த முப்பத்தொரு பதிவையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முப்பத்தொன்றும் எழுந்து போனவருக்கு அடுத்தவர். ஒன்றுகூடத் தப்பவில்லை.

உடனே கீழே இறங்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. முதலில் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்போம், பிறகு சொல்வோம் என்றேன் எனக்கு நானே. புதன் மதியம் மேனேஜர் என் மேசைக்கே வந்து, "பாத்தீங்களா, ஒரு கூச்சல் இல்ல. புதுப் பொண்ணு பழகிட்டா. எல்லாம் பழைய ஆளு கெடுத்து வச்ச பழக்கம்" என்றார். நான் சத்தம் போடாமல் திருத்தியது அக்காவின் தலையில் இன்னொரு கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறது. அப்போதாவது வாயைத் திறந்தேனா? வியாழன் நாளைக்கு என்றேன். வெள்ளிக்கிழமை அக்காவுக்குப் பிரிவுபசார விழா.

கூடத்திலேயே நடந்தது. கேக் வெட்டினார்கள். "கடைசிக் காலத்துல சின்னச் சின்னத் தப்பு நடக்கறதுதான், மன்னிச்சு மறந்துட்டோம்" என்று மேனேஜர் பெருந்தன்மையாகப் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அக்கா ஒரு துண்டு கேக்கை என் தட்டில் வைத்து, "சாப்பிடும்மா, எளச்சுப் போயிட்ட" என்றார். அதை விழுங்கினேன். எப்படி விழுங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

சனியும் ஞாயிறும் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கள் காலைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். தப்பு என் கிளாஸில்தான், அக்கா ஒரு தடவைகூட வரிசையை மீறவில்லை, அவர் முன்னாலேயே வந்து சொன்னார், நான்தான் காது கொடுக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மேனேஜருக்கு முகம் விழுந்துவிட்டது. என்னைத் திட்டினார், திட்ட வேண்டியதுதான். அக்கா மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று மருத்துவமனைத் தாளில் கடிதம் எழுதி முத்திரை போட்டு வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

இரண்டு அறை வீடு. துணி மடித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார், டீ போட்டார். கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு முறை படித்து, மடித்து, அந்த நோட்டுக்குள் வைத்தார்.

"மன்னிச்சிடுங்கக்கா. எனக்கே போன செவ்வாக்கெழமதான் தெரிஞ்சுது."

"எனக்கும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுது," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்தக் கோப்பு ரூமு கூடத்துக்கு நேர் கீழதானே. மேல சத்தம் போட்டா எல்லாம் கேக்கும். அஞ்சு வாரமா கேட்டுக்கிட்டே இருந்தேன், பாவம், யாரு விட்டுப்போனாங்களோன்னு. செவ்வாக்கெழம ஒரு சத்தமும் இல்ல. ஓகோ, நம்ம கம்ப்யூட்டரம்மா கண்டுபிடிச்சிட்டான்னு அவ்ளோ சந்தோஷம் எனக்கு."

டீ தம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ வந்து சொல்லுவேன்னு நாலு நாளு கதவத் தெறந்து வச்சுக்கிட்டுதாம்மா வேல பாத்தேன். ஆறிடுது பாரு, குடி."