பின்பக்கமாக நடந்த லூர்து மாஸ்டர்

போன வெள்ளிக்கிழமை என் மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பித்தளையும் புளியும் சேர்ந்தால் பல் கூசுகிற மாதிரி ஒரு வாசனை வருமே, அது கூடத்துக்கு வந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுதான் சரி. "காலை ஆட்டாதீங்க, மேசை ஆடுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது" என்று உள்ளேயிருந்து குரல். குனிந்து பார்த்தால் இடது கால் தன்பாட்டுக்குத் தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஓரிடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. பஸ் ஸ்டாப்பில், பல் டாக்டர் நாற்காலியில், சாவு வீட்டு பெஞ்சில்கூட உட்கார்ந்தபடியே நடந்துகொண்டிருப்பேன். இந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்தவர் லூர்து மாஸ்டர்.

அந்தப் புளி வாசனை எங்கள் பேண்டு செட் கூடுகிற ஷெட்டின் வாசனை. கடலூர் முதுநகரில், மீன் லாரிகள் நிற்கிற தெருவுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஷெட் அது. முகூர்த்த மாதம் தொடங்கும் முன் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் வாத்தியத்தைத் தேய்ப்போம். என்னுடையது யூபோனியம், அணைத்துப் பிடித்து ஊதுகிற பெரிய பித்தளைக் குழல். தூங்குகிற குழந்தையை மடியில் வைத்திருக்கிற கனம் இருக்கும். அப்போது நான் செம்மங்குப்பத்தில் ஒரு சாயக் கம்பெனியில் ஷிப்ட் வேலையில் இருந்தேன், வீடு குடிகாட்டில். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் நீலம் போகாது. யூபோனியத்தின் பட்டன்களும் நீலமாகிவிட்டன. "ஊதுறியா, பெயிண்ட் அடிக்கிறியா மச்சான்?" என்பான் கிளாரினெட் குமார். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்து, வலையை விட்டுவிட்டுக் கிளாரினெட்டைப் பிடித்தவன் அவன். ஊரில் அவனை அதற்காகக் கிண்டல் செய்தார்கள், அவன் அந்தக் கிண்டலையெல்லாம் சேர்த்து வைத்து என்மேல் இறக்குவான்.

நான் பேண்டு செட்டில் சேர்ந்தது சுனாமிக்கு அடுத்த வருஷம். அதனால் முதலில் கற்றுக்கொண்டதே மெதுவாக நடக்கிற மார்ச்தான், முதலாம் வருஷ நினைவு ஊர்வலத்துக்காக. வேகமாக நடப்பது சுலபம், மெதுவாக நடப்பதுதான் காலைக் கொல்லும். எனக்கு அது சுத்தமாக வரவில்லை. எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டே இருந்தேன். மாஸ்டர் திட்டவில்லை. "உனக்கு அவசரம் ஜாஸ்தி. இருக்கட்டும், அவசரம் இல்லாதவன் மார்ச் வாசிச்சா எருமை நடக்கிற மாதிரி இருக்கும்" என்றார். அன்றைக்கு விழுந்தவன்தான் நான் அவர் காலில். பெற்ற அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோதுகூட ஷிப்ட் மாற்றிக்கொள்ள யோசித்தவன், அவர் ஒத்திகை என்று சொன்னால் சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

ஆள் குள்ளம், ஒல்லி. வெள்ளைச் சட்டை, பளபளவென்று கறுப்பு ஷூ, கையில் ஒரு குச்சி. ஊர்வலத்தில் மற்ற மாஸ்டர்கள் செட்டுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பார்கள். இவர் எங்கள் பக்கம் திரும்பி, பின்பக்கமாக நடப்பார். கடலூர்ச் சாலைகளை நீங்கள் பார்த்திருந்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். பள்ளம், சாக்கடை மூடி, படுத்திருக்கிற மாடு. ஒருநாள்கூட விழுந்ததில்லை. ரகசியம் இதுதான்: சாலையை அவர் எங்கள் முகத்தில் படிப்பார். முன்வரிசையில் யாராவது புருவத்தைத் தூக்கினால் பள்ளம், கண்ணை ஓரமாகச் சாய்த்தால் மாடு. அதேபோல் எங்களுக்குப் பின்னால் நடப்பதை நாங்கள் அவர் முகத்தில் படிப்போம். மாப்பிள்ளை கார் பின்தங்கிவிட்டால் அவர் தாடை லேசாக இறுகும், உடனே காலை நிதானமாக்கிக்கொள்வோம். பெண் வீட்டார் நெருங்கி வந்தால் கண் சிரிக்கும். வாயே திறக்காமல் ஒரு தெரு முழுக்க இப்படிப் பேசிக்கொண்டு போவோம்.

அவரே எழுதிய மார்ச் ஒன்று இருந்தது. பெயர் வைக்கவில்லை, "நம்ம மார்ச்சு" என்பார். ஒரு மார்ச்சில் முதல் இரண்டு பாகமும் காலுக்கு. மூன்றாவது பாகம் காதுக்கு, அதற்கு ட்ரையோ என்று பெயர். சத்தம் தணிந்து, பாட்டு மாதிரி நீளமாக இழுத்துக்கொண்டு போகும். அதற்கப்புறம் கடைசிப் பாகம், எல்லாரும் சேர்ந்து முழுமூச்சாக. நம்ம மார்ச்சின் ட்ரையோவை மாஸ்டர் யூபோனியத்துக்குக் கொடுத்திருந்தார். அதாவது எனக்கு. அந்த மார்ச் என்றால் எனக்கு ஏன் பரபரக்கும் என்று இப்போது புரிகிறதா? மொத்தமே நாலு நிமிஷம்தான் வரும். ஆனால் எந்தத் தெருவும் எங்களுக்கு அந்த நாலு நிமிஷத்தைக் கொடுக்கவில்லை. ஷெட்டுக்குள் முழுசாக வாசித்திருக்கிறோம், கேட்டவை தகரமும் பூனையும். "ஒரே ஒரு தடவ, ரோட்டுல, ஜனங்க காதுல கடைசி வரைக்கும் வுழணும். அப்புறம் கண்ண மூடுனாலும் சரி" என்பார். அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

சிதம்பரம் மேல வீதியில் ஒருமுறை கிட்டத்தட்ட வந்துவிட்டது. அந்த வீதியின் அகலத்தைப் பார்த்ததும் மாஸ்டருக்குக் கை சும்மா இருக்கவில்லை, நம்ம மார்ச்சை ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் பாகம் முடிகிற நேரம், மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் வரிசைக்குள் புகுந்து குச்சியைப் பிடித்தார். "என்னாப்பா, கல்யாணத்துல போலீஸ் பரேடு வாசிக்கிறீங்க? சினிமாப் பாட்டு வுடுங்க." மாஸ்டர் தலையாட்டினார், சினிமாப் பாட்டு விட்டோம். நான் ட்ரையோவுக்காக இழுத்து வைத்திருந்த மூச்சை அந்தக் குத்துப்பாட்டில் கொட்டினேன், அது சரியாகவே வரவில்லை. பெண்ணாடம் பக்கம் ஒரு கல்யாணத்தில் மழை. வேறொரு இடத்தில் சரவெடி. யார் நிறுத்தச் சொன்னாலும் மாஸ்டர் நிறுத்திவிடுவார். எனக்குத்தான் ஆத்திரம் பொங்கும். "கல்யாணம் அவுங்களுதுடா" என்பார்.

அப்புறம் ரயில் வந்தது. நடுவில் சில வருஷம் தண்டவாளத்தை அகலமாக்குகிறோம் என்று விழுப்புரத்திலிருந்து தெற்கே ரயிலே ஓடவில்லை. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு கேட் திறந்தே கிடந்தது. ஊரின் நட்டநடுவில் அப்படியொரு கேட் இருந்ததே எங்களுக்கு மறந்துபோயிற்று. மறுபடி ரயில் ஓட ஆரம்பித்ததும் கேட்டும் பழையபடி மூட ஆரம்பித்தது. மூடினால் எப்போது திறக்கும் என்று அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

2011 ஆவணியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. கோயிலிலிருந்து கேட்டைத் தாண்டி, அதற்கு அடுத்தாற்போலவே இருந்த மண்டபத்துக்குப் போக வேண்டும். நாங்கள் முன்னால், பூ ஜோடித்த கார் பின்னால். சரியாகப் போய்ச் சேர்ந்தபோது கேட்டை இறக்கிவிட்டார்கள். இருபுறமும் பைக், ஆட்டோ, பஸ். மாப்பிள்ளையின் தாய்மாமன், அதுவரை வரிசையாகச் சினிமாப் பாட்டு கேட்டு எங்கள் உயிரை எடுத்தவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார்.

"மாஸ்டர், மாமா டீ குடிக்கப் போயிட்டாரு" என்றான் குமார். "இப்ப வுட்டா எப்ப?"

மாஸ்டர் மூடியிருந்த கேட்டைத் திரும்பிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "நம்ம மார்ச்சு. மொதல்லேந்து" என்றார்.

நின்ற இடத்திலேயே காலைத் தட்டிக்கொண்டு ஆரம்பித்தோம். வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக இன்ஜினை அணைத்தார்கள். வேறு வேலை இல்லை, கேட்டார்கள். பஸ் ஜன்னல்களில் தலைகள் வந்தன. இரண்டாம் பாகத்தில் ரயில் வந்து, நாங்கள் ஊதுவது எங்களுக்கே கேட்கவில்லை. மாஸ்டர் கையிலிருந்த குச்சியைப் பார்த்துக்கொண்டே வாசித்தோம். கடைசிப் பெட்டி போய்ச் சத்தம் தேய்ந்தபோது ட்ரையோ. நான் எடுத்தேன். அதே நேரத்தில் கேட் மேலே எழும்பியது.

கேட் திறந்த பின் கடலூர்க்காரனை நிறுத்த யாராலும் முடியாது. எல்லா இன்ஜினும் உறுமின. இதுவும் போச்சு என்று நினைத்தேன். மாஸ்டர் நிறுத்தவில்லை. பின்பக்கமாக முதல் அடி வைத்தார். நாங்கள் எங்கள் புருவத்தால் தண்டவாளத்தைச் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொரு இரும்பையும் தாண்டினார். இரண்டு பக்கமும் பைக்குகள் உரசிக்கொண்டு போயின. பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். அவர் முகத்தைப் பார்த்தேன், தாடை இறுகவில்லை. சரி, கார் வருகிறது என்று நிம்மதியாக ஊதினேன். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. மண்டப வாசலில் கடைசிப் பாகம் முடிந்து குச்சி இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் எங்களைத் தாண்டி எட்டிப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா மாலையோடு முன்னால் வந்தார்.

"மாப்ள எங்கப்பா?"

திரும்பிப் பார்த்தோம். எங்களுக்குப் பின்னால் இரண்டு ஆட்டோவும் ஒரு தண்ணீர் லாரியும் நின்றன. கார் நெரிசலில் மாட்டி, அடுத்த ரயிலுக்குக் கேட் மறுபடி இறங்கி, அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை, கேட்டுக்கு அடியில் குனிந்து வந்து, யாரோ ஒரு பால்காரரின் மொபெட்டில் மாலையும் கழுத்துமாக வந்து இறங்கினார். பின்னாலேயே தாய்மாமன் ஓடிவந்தார். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. மாஸ்டர் தலைகுனிந்து நின்றார். "மன்னிச்சுக்குங்க. திரும்பிப் பாக்காம வந்துட்டோம்" என்றார்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது குமார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டான். "திரும்பிப் பாக்கலியா? அவரு பூரா வழியும் நம்ம பக்கம் திரும்பித்தான மச்சான் நடந்தாரு?"

"சும்மா வாடா" என்றேன். அந்த மனுஷனைப் பற்றி அப்படி நினைக்கவே எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் எங்களை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. அந்த வருஷக் கடைசியில் 'தானே' புயல் ஷெட்டின் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. மாஸ்டர் கைப்பட எழுதிய தாள்களெல்லாம் கஞ்சியாகிவிட்டன. அவர் சிதம்பரத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் பார்க்கப் போனேன். வடக்கு வீதிக்குப் பின்னால் சின்ன வீடு. ரொம்ப இளைத்திருந்தார், மாடிப்படி ஏற முடியவில்லை. காபி வந்தது. வேறு என்னென்னவோ பேசினோம். கிளம்பும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"மாஸ்டர், அன்னைக்குக் கார் வரலன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"மூஞ்சில ஒண்ணும் தெரியலயே?"

"காட்டல." காலி டம்ளரை ஓரமாக நகர்த்தினார். "காட்டியிருந்தா நீ நிறுத்தியிருப்ப. ட்ரையோல இருந்தியே."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பேர் கல்யாணத்துக்காக எத்தனையோ தடவை நிறுத்தியவர், ஒரே ஒரு தடவை நிறுத்தவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் போய்விட்டார்.

இப்போது அந்த கேட் இல்லை. சுரங்கப்பாதை வந்துவிட்டது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், மற்ற நேரத்தில் யாரும் நிற்பதில்லை. குமார் துபாயில் இருக்கிறான். யூபோனியத்தை யாருக்கோ கொடுத்துவிட்டேன். ஆனால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு பேண்டு செட் மட்டும் மண்டபத்துக்கு வந்த கதை ஊரில் இன்னும் ஓடுகிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அதைச் சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றைக்குக் கேட்டில் நின்ற பஸ்ஸில் தானும் இருந்ததாகச் சொன்னார். நான் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"என்ன வாசிச்சாங்க அண்ணே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே யோசித்தார். "என்னத்தயோ வாசிச்சானுங்க, அது யாருக்குப்பா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, பாயசம் ஊற்றுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.