செக்போஸ்ட் பூதம்

டம்ளரில் உப்பு முழுக்கக் கரைகிறவரை மோகன்குமார் கரண்டியை நிறுத்துவதில்லை. கலங்கல் தெளிந்ததும், இருபது முகம் கொண்ட சிவப்புப் பகடை ஒன்றை இரு விரலால் பிடித்து, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் மாதிரி மெல்ல உள்ளே விடுகிறார். மிதக்கிறது. சுண்டிவிடுகிறார். புரண்டு நிற்கிறது. எந்த எண் மேலே வந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கிறார். மறுபடி சுண்டுகிறார். ஒரே எண் திரும்பத் திரும்ப மேலே வந்தால் பகடைக்குள் ஒரு பக்கம் கனம் கூடியிருக்கிறது, ஆகவே எவனோ ஏமாற்றுகிறான் என்று பொருள். இதுவரை ஒரு பகடையும் மாட்டியதில்லை. அதுதான் அவருக்கு இடிக்கிறது.

"எல்லாமே கரெக்டா இருந்தா எப்பிடி? எங்கியோ தப்பு இருக்குது."

"உப்பு டப்பா காலியாவுது, அது தப்புதான்" என்று சமையலறையிலிருந்து மனைவி வினிதா சொன்னார். "ஆமா, ஊருல இருக்கறவங்க டைஸையெல்லாம் முக்கி எடுக்கறீங்களே, உங்களுத என்னிக்காச்சும் போட்டுப் பாத்தீங்களா?"

"என்னுது எதுக்கு? அது என்னுதாச்சே."

சந்தேகப்படுவதற்கென்று மாதச் சம்பளம் தரும் வேலைகள் உலகத்தில் குறைவு. மோகன்குமாருக்கு அதில் ஒன்று வாய்த்திருக்கிறது. ஓசூரில், வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்கிற ஒரு கம்பெனியின் இறுதிப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். ஒரு நாள் முழுக்கப் பத்துப் பேர் வியர்வை சிந்திச் செய்த சரக்கை, தலைமுடியில் பாதிகூட இல்லாத ஒரு வித்தியாசத்துக்காக ஒதுக்கித் தள்ளும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'ரிஜெக்ட்டு'. முகத்துக்கு நேரே 'ரிஜெக்ட்டண்ணா'. கேன்டீனில் அவர் தட்டை வைத்தால் எதிரில் இருப்பவருக்கு உடனே போன் வந்துவிடும், அல்லது பசி தீர்ந்துவிடும். இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் பசி தீர்வதும் அவருக்குச் சந்தேகந்தான்.

வீட்டைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். மாடிப்படி இறங்கிப் போய்த் திரும்ப ஏறி வந்து, முதலில் இழுத்தது தான்தானா என்று இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். பெட்ரோல் பங்கில் முதலில் பூஜ்யத்தைப் பார்ப்பார், பிறகு குழாயை, கடைசியாகக் குழாய் பிடித்திருக்கும் ஆளின் முகத்தை. சொந்த ஊர் சாமல்பட்டி. அங்கே ரயில் வந்து நின்று, பலகையில் பெயர் எழுதியிருந்து, ஒலிபெருக்கியும் சொல்லிவிட்ட பிறகு, இறங்குகிற ஒருவரைப் பிடித்து "இது எந்த வண்டிங்க?" என்று கேட்டுத்தான் ஏறுவார்.

இப்படிப்பட்டவரின் வீட்டுக் கதவை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேர் தாமாக வந்து தட்டுகிறார்கள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் எதிரில் மனிதர்கள் உட்காருகிறார்கள். எழுந்து போகாமல் இருக்கிறார்கள்.

மேசையில் கட்டம் போட்ட தாள் விரித்து, பகடை உருட்டி, வாயால் கதை சொல்லி ஆடுகிற ஆட்டம் அது. வந்த மூவரும் கதைக்குள் வீரர்கள். மோகன்குமார் மற்ற எல்லாமும்: காடு, மழை, சத்திரக்காரன், கடைசியில் வழிமறிக்கும் பூதம். சாத்தூர்ப் பக்கமிருந்து வந்து கம்பெனியில் மெஷின் ஓட்டும் சக்தி கோடரிக்காரன். தினம் பெங்களூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வரும் தர்ஷினி மந்திரக்காரி. நாட்றாம்பாளையத்தில் கேழ்வரகும் அவரைக்காயும் போட்டிருக்கும் வீட்டுப் பிள்ளை திம்மராயன், இங்கே ஸ்டோர்ஸில் வேலை, ஆட்டத்தில் திருடன். அந்த ஒரு காரணத்துக்காகவே மோகன்குமார் அவன்மேல் ஒரு கண் கூடுதலாக வைத்திருக்கிறார்.

உள்ளே வர ஒரு முறை உண்டு. வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். போன்கள் எவர்சில்வர் சட்டிக்குள் போகும். பகடைகள் அவர் கைக்குப் போய், வெர்னியர் அளவுகோலில் அளக்கப்பட்டு, உப்புத் தண்ணீரில் முங்கி எழுந்து, துடைக்கப்பட்டுத் திரும்பி வரும்.

"ஏர்போர்ட்டுல கூட இவ்வளவு இல்லீங்ணா" என்பாள் தர்ஷினி.

"ஏர்போர்ட்டுல டைஸ் உருட்டறதில்லம்மா."

இத்தனை காவலுக்கும் பிறகு, அவருடைய பூதங்கள் செத்துக்கொண்டே இருந்தன. வாரக்கணக்காக யோசித்து, எம்-சீல் பசையைப் பிசைந்து கொம்பும் வாலும் வைத்து, மேசையில் நிறுத்தி, தொண்டையைச் செருமி "யாரங்கே!" என்று அவர் முடிப்பதற்குள் பூதம் காலி. பூதம் எத்தனை அடி தாங்கும் என்கிற உயிர்ப் புள்ளியைக் கூட்டிப் பார்த்தார். "செவுத்த இடிக்கிற மாதிரி இருக்கு அண்ணாச்சி, கொட்டாவி வருது" என்றான் சக்தி. பூதத்தைத் தூங்க வைக்கும் தர்ஷினியின் மந்திரம் பலிக்காது என்று ஒரு விதி போட்டார். "அப்ப நான் எதுக்கு வரணும்?" என்று அவள் கைகட்டி உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றே ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும் என்று அவர் முடிவு கட்டினார். பூதத்தின் பலவீனம் முன்கூட்டியே வெளியே போகிறது. கசிவு.

கசிவைக் கண்டுபிடிக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? அடுத்த பூதத்தைப் பற்றி மூவரிடமும் தனித்தனியாக, வாய் தவறிச் சொல்வதுபோல, ஆளுக்கொரு பொய் சொன்னார். சக்தியிடம், அதற்கு நெருப்பென்றால் பயம். தர்ஷினியிடம், இடது முழங்காலில் தொட்டால் போச்சு. திம்மராயனிடம், உப்புத் தூவினால் கரையும். ஒருவருக்குச் சொன்னது இன்னொருவர் கையில் வெளிப்பட்டால் கூட்டுச்சதி அம்பலம்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் நெருப்பை எடுக்கவில்லை. முழங்காலைச் சீண்டவில்லை. உப்பு கேட்கவில்லை. தர்ஷினி தூங்க வைத்தாள், மற்ற இருவரும் வெட்டினார்கள், பூதம் தன் முறை வருவதற்கு முன்னால் செத்தது.

"முழங்கால் இருந்துதே, ஏன் தொடல?" மோகன்குமாருக்குத் தாங்கவில்லை.

"நீங்களா ஒண்ணு சொன்னீங்கன்னா அதுல ஏதோ உள்குத்து இருக்கும்னு வுட்டுட்டேங்ணா" என்றாள் தர்ஷினி. மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர்களும் அதேதான் நினைத்திருந்தார்கள்.

சக்திதான் விஷயத்தைப் போட்டு உடைத்தான். "மறைக்க என்ன இருக்கு அண்ணாச்சி. தர்ஷினியோட ஆபீஸ்ல ஒரு கூட்டம் இதே ஆட்டத்த வெளையாடுது. எலெக்ட்ரானிக் சிட்டி. ஏசி ரூமாம். வர்ற ஞாயித்துக்கெழமையும் இப்பிடித்தான்னா, நாங்க அந்தப் பக்கம் போயிருவோம்."

மோகன்குமார் தர்ஷினியைப் பார்த்தார். அவள் போன் சட்டியைப் பார்த்தாள்.

வெளியே செருப்பு மாட்டும்போது திம்மராயன் மட்டும் நின்றான். "ணோவ், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. எங்கூர்ல ஒத்த யானை எறங்குச்சுன்னா ஊரே பட்டாசு வெடிக்கும், தகரம் தட்டும். அது என்ன, எல்லாரும் தட்டி முடிங்க, அப்பறம் என் டர்னுன்னா நிக்குது? எவன் வெடிச்சானோ அவன் பக்கம் அப்பவே திரும்பும், குரு. உன் பூதம் வரிசைல நிக்குது. ரேஷன் கடையா இது?"

அன்று சாயங்காலம் முழுக்க மோகன்குமாருக்கு அதே யோசனை. யானை சரி. இவன் எதற்காக எனக்கு உதவுகிறான்?

ஆனாலும் அந்த வாரம் ஒரு பூதம் பிறந்தது. கம்பெனி வேலையாக அத்திப்பள்ளி போய்த் திரும்பும்போது மாநில எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்ட் நெரிசலில் வண்டி நின்றது, அப்போது உருவம் கிடைத்தது. இரண்டு ராஜ்யங்களின் எல்லையில், தடுப்புக் கம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, ஏழு கண்ணோடு உட்கார்ந்திருக்கிறது; ஏழும் போனால்தான் சாகும். எவன் அடித்தாலும் தன் முறைக்குக் காத்திராமல் அவன் பக்கம் திரும்பி, "பையைத் திற" என்று சொல்லி, உள்ளிருந்து ஒரு பொருளைப் பறித்துக்கொள்ளும். தூக்க மந்திரம் பலிக்கும். ஆனால் தன் கண்ணில் ஒன்றைத் தானே பிதுக்கிப் போட்டு விழித்துவிடும். நாலு கண் போன பிறகு உட்கார்ந்திருக்காது. கம்பத்தைச் சுழற்றிக்கொண்டு எழுந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சக்தி வழக்கம்போல முதலில் கோடரியை வீசிவிட்டு முறுக்கைக் கடித்தான்.

"பையைத் திற" என்றார் மோகன்குமார்.

"இன்னும் அதோட டர்னு வரலைல்லா?"

"வரலை. பையைத் திற."

அவனுடைய மருந்துக் குப்பி போனது. தர்ஷினி தூங்க வைத்தாள்; ஒரு கண் தெறித்து விழுந்தது, பூதம் கொட்டாவி விட்டு அவள் மந்திரக் கோலைப் பிடுங்கிக்கொண்டது. திம்மராயன் கத்தியை ஓங்கியவன், ஓங்கியபடியே யோசித்தான். பிறகு கத்தியை இறக்கி, தன் சாவிக் கொத்தைச் சக்தி பைக்கு மாற்றிவிட்டு அடித்தான். யார் முதலில் அடிப்பது, யார் பையில் எதை ஒளிப்பது என்று மூவரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். முறுக்கை மறந்தார்கள். வினிதா வைத்த காபியில் ஆடை படிந்தது. பூதத்துக்காக மோகன்குமார் உருட்டிய கறுப்புப் பகடையோ விழுந்தால் பதினெட்டு, பத்தொன்பது என்று, ஓர் அடியும் தவறாதபடி விழுந்துகொண்டிருந்தது. சக்தி ஒரு தடவை செத்து, பிழைத்து எழுந்தான்.

திடீரென்று திம்மராயன் நிமிர்ந்தான். "பையத் தொறக்கச் சொல்லுது. பொருளப் புடுங்கி வெச்சிக்குது. எவன் மூஞ்சியும் நம்ப மாட்டேங்குது. ஏம்பா, இத நாம எங்கியோ பாத்திருக்கம்ல?"

தர்ஷினிதான் முதலில் வெடித்தாள். "அய்யோ அண்ணா! இது நீங்க!"

"நானா? எனக்கு ரெண்டு கண்ணுதானம்மா."

"அதுலதாங்ணா எங்களுக்கு டவுட்டு."

வினிதா சமையலறை வாசலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

பூதத்துக்குக் கடைசிக் கண் ஒன்று மிச்சம் இருந்தபோது தர்ஷினி ஒரு காரியம் செய்தாள். தன்னிடம் இருந்ததையெல்லாம் இருவர் பைக்கும் மாற்றினாள். பிறகு வெறுங்கையோடு நேரே போய்ப் பூதத்தின் முகத்தில் ஒரு குத்து விட்டாள்.

"பையைத் திற."

"தொறந்துட்டேன். ஒண்ணுமே இல்லீங்க."

மோகன்குமார் தன் விதித் தாளைப் புரட்டினார். காலிப் பையை அவர் யோசித்திருக்கவில்லை. காலிப் பையோடு வருகிறவளைச் சோதனைச்சாவடி என்ன செய்யும்? உள்ளேயும் பார்த்தார், வெளியேயும் பார்த்தார், வழியில்லை. "போ" என்றது பூதம். அது கம்பத்தைத் தூக்கிய இடைவெளியில் சக்தியின் கோடரி கடைசிக் கண்ணில் இறங்கியது.

அடுத்த வீட்டுக்காரர் சன்னல் வழியே எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சத்தம். சக்தி மேசையைத் தட்டினான். "அண்ணாச்சி, இதுக்கு அண்ணன் தம்பி யாரும் இருக்கா? அடுத்த ஞாயிறு கூட்டிட்டு வாங்க." தர்ஷினி சட்டியிலிருந்து போனை எடுத்து, "இந்த மாசம் வரலீங்க, இங்கயே செட்டாயிருச்சு" என்று யாரிடமோ சொன்னாள். தன் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னாளோ என்று மோகன்குமார் யோசித்தார்.

பகடைகளைத் திருப்பிக் கொடுத்தார். திம்மராயன் செருப்பு மாட்டிக்கொண்டே, "ணோவ், உன் டைஸ் இன்னிக்கு நல்லா உழுந்துச்சு" என்றான்.

கதவு மூடியது. படிக்கட்டில் சிரிப்புச் சத்தம் இறங்கிப் போனது. அது தேய்ந்து, பைக் கிளம்பும் ஓசையும் ஓய்கிறவரை மோகன்குமார் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மேசைக்கு வந்து டம்ளரை விளக்குக்குக் கீழே நகர்த்தினார். கறுப்புப் பகடையை இரு விரலால் எடுத்து, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உப்புத் தண்ணீருக்குள் விட்டார்.

சுண்டினார். குனிந்தார்.