அஞ்சுக்கு அடுத்தது

சோலூருக்கு மேலே உள்ள எங்கள் குன்றில் போன வாரம் பொக்லைன் ஓடிக்கொண்டிருந்தது. மண்ணைப் புரட்டினால் ஈரமும் வேருமாக ஒரு வாடை வருமே, அது மூக்கில் ஏறியதும் எனக்குச் செல்லாயி அக்கா நினைவுதான்.

சிலோனிலிருந்து வந்தவர். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீடு. புருஷன் பேர் ஆறுமுகம். அந்தப் பேரை வாயால் சொல்லக் கூடாதென்று, எண்ணும்போதுகூட ஆறு என்று சொல்ல மாட்டார். கொழுந்து நிறுக்கும் இடத்தில், "அஞ்சு, அடுத்தது, ஏழு" என்பார். "அக்கா, சாயங்கால பஸ் எத்தன மணிக்கு?" என்று வேண்டுமென்றே கேட்போம். "அஞ்சுக்கு அடுத்த மணிக்கு. போங்கடா, வேலையத்தவனுங்களா!"

ஆறுமுகம் அண்ணன் இறந்தது அடைமழையில். இடுகாட்டுப் பாதை சரிந்து கிடந்தது. தோட்டத்து உத்தரவு இல்லாமலே குன்றில் புதைத்து, சுற்றி ஆறு கல் நட்டோம். பக்கத்திலேயே பழங்காலத்துப் புதைமேடு; அதைச் சுற்றியும் கல்வட்டம். யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது என்பது எங்கள் கெட்டிக்காரத்தனம்.

சில வருஷம் கழித்து, மேட்டைப் பாதுகாக்க வேலி போடத் தொல்லியல் துறை அதிகாரி ஒருவர் வந்தார். டேப் பிடிக்கும் கூலி வேலை எனக்கு. "இந்தச் சின்ன வட்டம்?" என்றார். லயத்தை விட்டுத் துரத்திவிடுவார்களோ என்ற பயத்தில் கங்காணி முந்திக்கொண்டார்: "ரொம்பப் பழசுங்க. எங்க பாட்டன் காலத்துக்கும் முந்தி."

அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப இதையும் தோண்டிப் பாத்துரலாம்."

கடப்பாரை முதல் கல்லடியில் இறங்கியது. கூடையோடு ஓடிவந்த செல்லாயி அக்கா அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்க ஊட்டுக்காரருங்க."

"பழசுன்னாரே கங்காணி? யாரும்மா, பேரைச் சொல்லுங்க."

அக்கா எங்களைப் பார்த்தார். நாங்கள் கங்காணியைப் பார்த்தோம். கங்காணி தரையைப் பார்த்தார்.

"ஆறுமுகம்," என்றார் அக்கா. பிறகு, தூரத்தில் போகிறவரைக் கூப்பிடுவதுபோல, "ஆறுமுகம்!"

அதிகாரி கடப்பாரையைத் தானே பிடுங்கிக் கீழே போட்டார். தோட்டத்துக்கும் சொல்லவில்லை, நல்ல மனுஷன். வேலிக்காகக் கட்டியிருந்த கயிற்றைச் சுருக்கி, அண்ணனின் வட்டம் வெளியே இருக்கும்படி வேலி போடச் சொன்னார். "இனி யாரும் இதைத் தோண்ட வரமாட்டாங்கம்மா."

வேலி இன்றும் இருக்கிறது. நீலப் பலகையும், உள்ளே பழையவர்களும் பத்திரமாக. பொக்லைன் ஓடியது வெளியேதான். லயம் போயிற்று. காட்டேஜ் கட்ட வேலி ஓரம் வரை தரை சமமாகிவிட்டது.

திருப்பூரில் மகளோடு இருக்கும் அக்கா நேற்று போனில் கேட்டார்: "கல்லு ஆறும் இருக்குதா தம்பி?"