துக்க வீட்டில் ட்ரீட் கேட்டவள்

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அன்று காலையில்தான் பெற்ற தாயைப் பறிகொடுத்த ஒரு மனிதருக்கு நான் அனுப்பிய மெசேஜ் இது: "கலக்கிட்டீங்க அண்ணே, வாழ்த்துகள். ட்ரீட் எப்போ?"

கூடவே ஆடுகிற பொம்மை மூன்று.

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னைத் திட்டத் தொடங்குவதற்கு முன், இதை முழுக்கப் படித்துவிடுங்கள். முழுக்கப் படிக்காததுதான் இங்கே பிரச்சினையே.

நான் கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போகிறவள் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதுக்கோட்டையில் கிளம்பி வரும் பஸ் ஏழு நாற்பதுக்குக் கீரனூரைத் தொடும். அதில் வாடிக்கையாக ஏறுகிற நாங்கள் எல்லாரும் சேர்ந்து செல்போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறோம். பெயரும் 'ஏழு நாற்பது'தான். பஸ் எங்கே வருகிறது, கூட்டம் எப்படி, இன்றைக்கு எந்த டிரைவர்... இதற்காகத் தொடங்கிய குரூப். இப்போது அதில் பஸ்ஸைத் தவிர எல்லாம் ஓடுகிறது.

அந்த மனிதர் தங்கராசு அண்ணன். திருச்சியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்டோர் பார்க்கிறார். புதுக்கோட்டையிலேயே ஏறிவிடுவார். ஏறியதும் முன்னால் பெண்கள் பக்கம் ஒரு சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு, பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். கீரனூரில் நான் ஏறியதும் பை அவரிடம் போகும், சீட் எனக்கு. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் நான் இடுப்பு வலியோடு நின்றுகொண்டே வந்ததைப் பார்த்தார். மறுநாளிலிருந்து அந்தப் பை. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் பழக்கமே அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருகிறேன்.

சென்ற மாதம் குரூப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது. இனிமேல் நாம் படிக்காமல் விட்ட மெசேஜ்களை ஏ.ஐ.யே படித்து, நாலு வரியில் சுருக்கிக் கொடுக்குமாம். ஊரே வைத்திருக்கும் அந்தப் பச்சை ஆப்பில்தான்.

அவ்வளவுதான். அன்றைக்கு பஸ் ஒன்பது நிமிடம் லேட். யாரோ அதை குரூப்பில் போட்டும் ஒருவரும் கவனிக்கவே இல்லை.

தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் வசந்தி சிஸ்டர் முதலில் குரல் கொடுத்தார். அதாவது, வாய்ஸ் மெசேஜ். "அப்ப நாம எழுதுறத யாரோ உக்காந்து படிக்கிறான்ல? போன வாரம் எங்க மாமியாரப் பத்தி இதுல எழுதுனேனே, அதையும் படிச்சிருப்பான்ல?"

அட்மின் முருகேசன் சார் பள்ளிக்கூட வாத்தியார். செயற்கை நுண்ணறிவின் நன்மை தீமைகள் என்று கட்டுரை மாதிரி ஒன்றை அனுப்பினார். முன்னுரை, முடிவுரை எல்லாம் இருந்தது. அதை ஏ.ஐ.தான் எழுதிக் கொடுத்தது என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். இன்னொருவர், 'இதைப் பத்து பேருக்கு அனுப்பினால் உங்கள் போனுக்கு மட்டும் ஏ.ஐ. வராது' என்று ஒரு ஃபார்வர்ட் போட்டார். எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள்.

தங்கராசு அண்ணன் ஒரே வரி எழுதினார்: 'மெசேஜ அது படிச்சுக்கும்னா, பதிலையும் அதுவே போட்டுக்கிரட்டும். நாம தூங்கிட்டுப் போவோம்.'

நான் சும்மா இருந்தேனா? புதுசாக எது வந்தாலும் பயப்படுவதா, எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பது, நேரத்தின் அருமை தெரிந்தவர்களுக்கு இது வரப்பிரசாதம் என்று நீளமாக ஒரு பிரசங்கம் செய்தேன். எழுதுகிறவள் என்ற கொழுப்பு வேறு.

சாயங்காலம் ஆபீஸ் முடிந்து பார்த்தால் இருநூற்றுச் சொச்சம் மெசேஜ். எல்லாம் இந்தச் சண்டைதான். சுருக்கம் கேட்கும் அந்தப் புதுப் பட்டனைத் தொட்டேன். இரண்டே வரி: 'உறுப்பினர்கள் ஏ.ஐ. குறித்து விவாதித்தனர். பேருந்து ஒன்பது நிமிடம் தாமதம்.'

இதை விடச் சரியாக யாரால் சொல்ல முடியும்? அன்றிலிருந்து நான் குரூப்பைப் படிப்பதையே விட்டேன். பட்டன், நாலு வரி, முடிந்தது வேலை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை.

அரிமளத்தில் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து. பட்டுப்புடவை, வியர்வை, மைக்செட். பன்னிரண்டு மணி வாக்கில் போனை எடுத்தால் குரூப்பில் நூற்று நாற்பது மெசேஜ். வழக்கம்போல் பட்டன். அது சொன்னதை அப்படியே தருகிறேன்:

'தங்கராசு தன் வீட்டில் ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்துள்ளார். மூன்று மணிக்கு எடுக்கவுள்ளனர். உறுப்பினர்கள் மாலை, வேட்டு, வேன் ஏற்பாடு பற்றி ஆர்வமாகப் பேசுகின்றனர். பலரும் வணக்கம் தெரிவித்தனர்.'

அண்ணனின் மகள் ஏதோ அரசாங்கப் பரீட்சை எழுதியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாலை, வேட்டு, வேன்... பாஸ் பண்ணிவிட்டாள் போல. மூன்று மணிக்கு எடுப்பது? போட்டோவாக இருக்கும். வாழ்த்தைத் தட்டினேன், ட்ரீட் கேட்டேன், பொம்மைகளை ஆடவிட்டேன். போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டுப் பந்திக்குப் போனேன்.

பாயசம் வரை உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வந்து பார்த்தால் இருபத்தாறு மிஸ்டு கால். அப்போதுதான், அந்தப் பட்டன் வந்ததிலிருந்து முதல் முறையாக, குரூப்பில் மேலே போய் அண்ணன் எழுதியதைப் படித்தேன்.

'எங்க வீட்ல பெரிய காரியம் ஆயிப்போச்சு. மூணு மணிக்கு எடுக்குறோம்.'

எங்கள் பக்கம் யாரும் செத்துப்போனார் என்று சொல்ல மாட்டார்கள். பெரிய காரியம் ஆயிப்போச்சு என்பார்கள். சின்னக் குழந்தைக்குக்கூட அது புரியும். 'ஆயிப்போச்சு' என்பதை 'செய்து முடித்துள்ளார்' என்று மாற்றியது மட்டும்தான் அந்த எந்திரம் செய்த தப்பு. மற்றதெல்லாம் சரிதான். மாலை உண்டு, வேட்டு உண்டு, வேனும் உண்டு. வணக்கமும் உண்டு... எங்கள் குரூப்பில் கும்பிடும் கை எல்லாவற்றுக்கும் பொது. காலை வணக்கத்துக்கும் அதுதான், சீட் போட்டதற்கு நன்றியும் அதுதான், துக்கத்துக்கும் அதுதான். வரிசையாக எண்பது கும்பிடு. நடுவில் என் ஆட்டக்காரப் பொம்மைகள்.

அழித்தேன். அழித்து என்ன பிரயோஜனம்? 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்று அங்கேயே கிடந்தது. அதற்குள் ஊர் பார்த்தாயிற்று. அழிப்பதற்கு முன்பே, படித்தவர்கள் பட்டியலில் அண்ணன் பெயரும் இருந்தது.

மூன்று மணிக்குள் போயிருக்கலாம். அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை என்ன அமெரிக்காவா? போகவில்லை. சுப வீட்டிலிருந்து நேராகப் போகக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று தெரியவில்லை.

அப்போதுதான் யாரோ குரூப்பில் ஒரு வழி திறந்துவிட்டார்கள். 'மேடம் அப்படியெல்லாம் எழுத மாட்டாங்க. போன் ஹேக் ஆயிருக்கும்.'

உடனே நம் மக்கள் பிடித்துக்கொண்டார்கள். மேடம் அனுப்பும் லிங்கை யாரும் தொடாதீர்கள். மேடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். வசந்தி சிஸ்டர், "நான் அன்னைக்கே சொன்னேன்ல, யாரோ உள்ள உக்காந்திருக்கான்னு" என்று வாய்ஸ் போட்டார். முருகேசன் சார் தனியாக போன் செய்தார்.

"ஹேக்குன்னே இருக்கட்டும் மேடம். அதுதான் ரெண்டு பேருக்கும் மரியாத. நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

நான் ஒன்றும் பேசவில்லை. பக்கம் பக்கமாக எழுதுகிறவளுக்கு, அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஆசுவாசமாக இருந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறினேன். பை இல்லை. அந்த சீட்டில் ஒரு காலேஜ் பெண் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். திருச்சி வரை நின்றேன். இடுப்பு வலித்ததா, வேறு ஏதாவது வலித்ததா, தெரியவில்லை. இதற்குப் பிறகு அந்தப் பை வருமா, வராதா? அதுதான் வழியெல்லாம் ஓடியது. ஆறு வருடப் பழக்கத்தை மூன்று பொம்மை வைத்து முடித்துவிட்டேனே.

செவ்வாய்க்கிழமை துக்கம் கேட்கப் போகக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு எதிர்த்திசை பஸ்ஸில் ஏறினேன்.

வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. அண்ணன் மொட்டை அடித்திருந்தார். சட்டென்று அடையாளம் தெரியவில்லை. எதிரே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். துக்க வீட்டில் முதலில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் மறந்துபோனது.

"போன் ஹேக்கெல்லாம் ஆகலண்ணே. நான்தான் போட்டேன்."

"தெரியும்மா."

"எப்படிண்ணே?"

"ஹேக் பண்றவன் என்னைய அண்ணேன்னா கூப்புடுவான்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. துக்க வீட்டில் எது முறையோ அதுவே முந்திக்கொண்டது. படிக்காமல் போட்டேன், அந்தச் சுருக்கத்தை நம்பிப் போட்டேன் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்.

"அப்படி என்னதான் சொல்லுச்சு அது? வச்சிருக்கியா? காட்டு பாப்போம்."

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். எந்திரத்தின் மேல் பழிபோட ஆதாரம் வேண்டுமே. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக வாசித்தார்.

"தங்கராசு தன் வீட்டில் ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்துள்ளார்."

அதற்கு மேல் வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலு வருசமா ஆத்தா படுக்கையில கெடந்துச்சும்மா. காலைல தொடச்சுவிட்டு, துணி மாத்தி, கஞ்சி குடுத்துட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடியாருவேன். சொந்தக்காரன் அம்புட்டுப் பேரும் வந்தானுங்க, மால போட்டானுங்க, வேட்டு போட்டானுங்க. ஒருத்தன் இந்த வார்த்தையச் சொல்லலம்மா." போனைத் திருப்பிக் கொடுத்தார். "இந்தக் கருமம் சொல்லியிருக்கு."

ஆறு வருடம் அவர் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் போட்ட சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் யார், எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு நாள் திரும்பிக் கேட்டதில்லை. அந்தப் பட்டன் வருவதற்கு முன்பே நான் மனிதர்களைச் சுருக்கித்தான் வைத்திருந்தேன் போலிருக்கிறது. தங்கராசு அண்ணன் என்றால், பை. அவ்வளவுதான் என் சுருக்கம்.

பிறகு ஆத்தாவைப் பற்றிக் கேட்டேன். சொல்லிக்கொண்டே இருந்தார். முழுசாகக் கேட்டேன். இரண்டு பஸ் போயிருக்கும்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. 'போயிட்டு வாரேன்' என்ற வார்த்தையே வரக் கூடாது. பேசாமல் எழுந்து, பேசாமல் செருப்பை மாட்டினேன். பந்தலைத் தாண்டியிருப்பேன், பின்னாலிருந்து அவர் குரல்.

"வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம கழிச்சு மறுநா பதினாறு. கருமாதிச் சாப்பாடு இருக்கு. ட்ரீட் கேட்டியே, வந்துரு. கூட்டம் சாஸ்தியா இருக்கும்... பந்தியில பைய வச்சு ஒனக்கு எடம் போட்டு வக்கிறேன்."

'வாரேண்ணே' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். திரும்பி நின்று, குரூப்பில் ஆயிரம் தடவை தட்டியிருக்கிற அந்தக் கும்பிடை, முதல் தடவையாக இரண்டு கையாலும் போட்டுவிட்டு வந்தேன்.