யாகப்பன் எழுதிய அப்பன்

யாகப்பனுக்கு எழுத வரும், பேச வராது. இண்டூர்ப் பக்கம் எங்கள் ஊர் மாதா திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் எழுதியவர் அவர்தான். மேடைக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதுகிற மனுஷன், வீட்டில் குழம்புக்கு உப்புப் போதாவிட்டால் வாயைத் திறக்காமல் தின்றுவிட்டு எழுந்துபோவார். அவர் மனைவி புஷ்பமேரி அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு 1967-இல் நின்றது. மகள் இசபெல்லா, மொரப்பூர் ரயில்வேயில் கலாசி வேலை பார்த்த மாதையனைக் கட்டிக்கொண்டாள். அவன் வேறு சாமி கும்பிடுகிறவன். ஊர் கொதித்தது. மகள் வந்து நின்றபோது யாகப்பன் ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்தினார். அதன்பிறகு அவர் பட்டபாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். போய்க் கூட்டிவாருங்கள் என்றால், போய் என்னத்தைப் பேசுவது என்பார்.

இரண்டு வருஷம் கழித்து அதையே நாடகமாக எழுதினார். மகளை விரட்டிய அப்பன் கடைசி சீனில் அவள் வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறான். அப்பனாக அவரே நடித்தார். மீசையை மழித்துக்கொண்டு மகள் வேஷம் கட்டியவன் சவுரியப்பனாகிய நான். அப்பன் பேச்சு ரொம்பக் கொடூரம் என்று சொன்னேன். அவன் செய்தது எத்தனை பெரிய தப்பு என்று தெரிந்தால்தானே கடைசியில் அழுவதற்கு அர்த்தம் இருக்கும் என்றார். மகளை நாடகம் பார்க்கக் கூட்டிவர அக்காவை அனுப்பினார். எதற்கென்று அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

இசபெல்லா வந்தாள். பெண்கள் பக்கம் அம்மாவோடு உட்கார்ந்தாள்.

"நான் பெற்ற மகள் இறந்துவிட்டாள். இறந்தவளுக்கு என் வாசலில் என்ன வேலை?"

மேடையில் யாகப்பன் முழங்கியதும் கூட்டம் எழுந்து கைதட்டியது. எல்லோரும் காறித்துப்பட்டும் என்று அவர் எழுதிய அப்பனை ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. பாவிகள், பாதிப்பேர் பெண்ணைப் பெற்றவர்கள். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். எங்கள் ஊரில் கேட்டால் சொல்லியே ஆகவேண்டும், மறுத்தால் திருவிழாவை அவமதித்த மாதிரி. சொன்னார். திரும்பத் திரும்பக் கேட்டார்கள், திரும்பத் திரும்பச் சொன்னார். நான் சாகவில்லை அப்பா, உயிரோடுதான் இருக்கிறேன் என்று எனக்கு ஒரு பதில் இருந்தது. அந்த இரைச்சலில் அது என் காதுக்கே கேட்கவில்லை.

கடைசி சீனில் மண்டியிட்டவர் பெண்கள் பக்கம் பார்த்தார். அக்காவின் பக்கத்தில் இசபெல்லா இல்லை, பாதியிலேயே எழுந்து போயிருந்தாள். அவர் நிஜமாகவே அழுதார். நடிப்பு என்று நினைத்து அதற்கும் கைதட்டினார்கள். எனக்கு அந்த மேடையையே கொளுத்திவிடலாம் போல இருந்தது.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு மொரப்பூர் போனார். இசபெல்லா எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

"அன்னிக்குப் பேசாமத்தான் இருந்தீங்க. இதைச் சொல்றதுக்கா ஊரைக் கூட்டி, என்னையும் வரச் சொன்னீங்க?"

அது நாடகம், நீ பாதியில் வந்துவிட்டாய், முடிவு வேறு என்று நான் முந்திக்கொண்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"முடிவுல என்ன சொன்னீங்களோ, அதை எங்கிட்ட சொல்லுங்கப்பா."

அவரே எழுதிய வசனம், ஊர் முன்னால் சொன்ன வசனம். எனக்கே மனப்பாடம். யாகப்பனின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவள் கண்ணைத் துடைக்காமல் வெகுநேரம் காத்திருந்தாள்.

பிறகு, "பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.