ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்றொரு கேள்வி

கிராம சபையில் அரசு வீட்டுக்கான பட்டியலை வாசித்து முடித்தார்கள். ஓடைக்கரை அக்காவின் பெயர் வரவில்லை. வாசித்தவர் ஒரு வரியைத் தாண்டியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது. நான் அங்கே மகளிர் குழுச் செயலாளர். வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்க ஊராட்சி செயலருக்கு உதவியாக என்னைப் போட்டிருந்தார்கள். கைப்பேசியில் வரும் கேள்விகளை வீடு வீடாகப் போய்க் கேட்டு, பதிலைத் தொட்டு, வீட்டு வாசலில் ஆளை நிறுத்திப் படம் எடுத்தவள் நான்தான்.

அந்த அக்காவுக்கு மண்சுவர்க் குடிசை. கீற்றுக் கூரை ஒழுகுவதால் மேலே ஒரு பழைய விளம்பரத் துணியை விரித்துக் கல் வைத்திருந்தார். கணவர் கிணறு வெட்டப் போய் இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். அக்கா மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டினார். முதல் வீடு யாருக்கு என்று கேட்டால் ஊரில் யாரும் அவரைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். அதிகாரியைக் கேட்காமல் என்னைத்தான் கேட்டார்.

"ஏம்மா, எம் பேரு காணோமே?"

ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி தாள்களைப் புரட்டினார். "உங்க பேரு தள்ளுபடி ஆனதுல இருக்குதும்மா. வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்குதுன்னு போட்டிருக்கு."

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "அந்த வூட்டுல கரண்டே இல்லீங்களே சார்!" என்றார். மறுபடியும் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. அந்த 'ஆம்' என்பதைத் தொட்டது என் விரல்.

குடிசையின் மூலையில் ஒரு வெள்ளைப் பெட்டி நின்றது உண்மைதான். பழைய இரும்புக் கடையில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு கொடுத்த ஃபிரிட்ஜ். எலி புகாமல் கேழ்வரகை அதற்குள் கொட்டி வைத்திருந்தார் அக்கா. மேல் தட்டில் ரேஷன் கார்டும் பிள்ளைகளின் நோட்டுகளும். கேள்வி வந்ததும், "அதுவும் இருக்குது கண்ணு" என்று சிரித்தபடி கதவைத் திறந்து காட்டினார். திரையில் 'ஆம்', 'இல்லை' இரண்டுதான் இருந்தன. கண்ணால் பார்த்ததைப் போடுங்கள், சொந்த யோசனை வேண்டாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எந்தக் கேள்வி ஒருவரின் பெயரையே வெட்டிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எழுந்தேன். "நான்தானுங்க சார் போட்டேன். அது ஓடாத பெட்டிங்க. கேவுரு போட்டு வெக்கிறாங்க. இப்பவே அக்கா பேரைச் சேத்துடுங்க."

"கிராம சபையில பேரை எடுக்கலாம்மா. சேர்க்க முடியாது," என்றார் அவர். "மேல மனு குடுங்க." அவர் குரலில் கோபம் கூட இல்லை. பேருந்து நேரம் சொல்வதைப் போலச் சொன்னார்.

ஊரே கூடி உட்கார்ந்திருந்தது. அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். அத்தனை பேர் சேர்ந்தும் ஒரு பெயரை எழுத முடியாது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஓடைக்கரைக்குப் போனேன். அக்கா எனக்கு முன்னால் போயிருந்தார். கேழ்வரகை ஒரு பழைய புடவையில் கொட்டிவிட்டு, பெட்டியை வெளியே இழுத்துப்போட்டு, பாறாங்கல்லால் கதவை அடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். உள்ளே படுத்திருந்தவர், "வுடு புள்ள, வுடு" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒடைக்காதீங்க! அதுதான் நமக்குச் சாட்சி."

"இதுதானே எம் வூட்டைத் தின்னுச்சு!"

கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நீ படிச்ச புள்ள, உனக்குமா தெரியாமப் போச்சு?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

பெட்டியின் பின்புறம் மோட்டார் இருந்த இடம் வெறும் பொந்தாக இருந்தது. அதைப் படம் எடுத்தேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இருவரும் தர்மபுரிக்குப் பேருந்து ஏறினோம். கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு படத்தையும், தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளையும் கொடுத்தேன். சில வாரம் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் குடிசைக்கு நேரில் வந்தார். பொந்துக்குள் கைவிட்டுப் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த பட்டியலில் பெயர் வருவதற்குள் ஒரு மழைக்காலம் முழுதாகப் போயிற்று. அந்த மழையில் ஓடைப்பக்கச் சுவர் இடிந்தது. நல்லவேளை, எல்லோரும் மறுபக்கம் படுத்திருந்தார்கள். பின்பு வீடு வந்தது. இப்போது கணவர் ஒழுகாத கூரைக்குக் கீழே படுத்திருக்கிறார். அக்கா என்னோடு பேசுகிறார், சிரிக்கிறார். ஆனால் கையில் கைப்பேசியோடு என்னைப் பார்த்தால் அவர் முகம் ஒரு கணம் மாறுகிறது.

மறுபடி ஒரு கணக்கெடுப்பு வந்தபோது பயிற்சிக்குப் போனேன். முதல் கேள்வியிலேயே எழுந்து, "சார், இதுக்கு ஆம்னு போட்டா என்னாங்க ஆவும்?" என்று கேட்டேன்.

"அது எங்களுக்கே தெரியாதும்மா," என்றார் பயிற்சி கொடுத்தவர். "நீங்க போடுங்க, சிஸ்டம் பாத்துக்கும்."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.