சகலமும் தெரிந்த சகலையும் ஒழுகிய கார்புரேட்டரும்

"'தெரியாது'ங்கிற வார்த்தை இந்த வாயிலேர்ந்து வந்த அன்னைக்கு, என் ஸ்பேனரையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு வீட்ல உக்காந்து வெங்காயம் உரிக்கிறேன்!"

பட்டறை திறந்த நாளில், அடுக்கி வைத்த பழைய டயர்கள் மேல் ஏறி நின்றுகொண்டு மெக்கானிக் இப்படி முழங்கினார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். தட்டாவிட்டால் டயரை விட்டு இறங்க மாட்டாரோ என்ற பயம்தான் காரணம் என்று பிற்பாடு சிலர் சொன்னதுண்டு. ஆனால் சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார் என்பதை அவருடைய எதிரிகளே ஒப்புக்கொள்கிறார்கள். எதிரிகள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் இந்தச் சாட்சியம் வலுவானது.

காப்பாற்றிய விதம் ரொம்பச் சுலபம். எதிராளி ஒரு வாக்கியத்தைத் தொடங்கியதும், "தெரியும்" என்று நடுவில் வெட்டிவிடுவார்.

"அண்ணே, பின் பிரேக்கைப் பிடிச்சா..."

"தெரியும். விட்டுட்டுப் போ."

பிடித்தால் வண்டி நிற்கவில்லையா, அல்லது நின்ற வண்டி நகரவில்லையா என்பது வாக்கியத்தின் பின்பாதியில் இருந்தது. அது வாடிக்கையாளரோடு வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. ஒருமுறை டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே "உங்க ரத்தத்துல..." என்று ஆரம்பித்தார். "தெரியும்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் எழுந்து வந்துவிட்டார். ரத்தத்தில் என்ன என்பது இன்றுவரை குடும்பத்துக்குத் தெரியாது. இப்படியாகச் சேர்த்த புகழால் அவருக்குத் 'தெரியும்' என்றே பெயர் நிலைத்தது. "தெரியும் கடையில இருக்காரா?" என்று யாராவது கேட்டால், பக்கத்து பேக்கரிக்காரர் வேண்டுமென்றே "தெரியாது" என்பார்.

மெக்கானிக் பலரையும் வெறுத்தார். அதெல்லாம் தொழில் நிமித்தம். மனதார வெறுத்தது ஒருவரைத்தான்: மனைவியின் தங்கையைக் கட்டிய பிளம்பர். குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருந்த ஒரு மதிய வேளையில் இந்தப் பிளம்பர், "சகலைன்னா நம்ம சகலைதான். சகலமும் தெரிஞ்ச சகலை!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. மாமனார் சிரித்துவிட்டார். எந்த மருமகன் சொன்னதற்கும் அதுவரை சிரித்திராத மாமனார். "வாங்க, கக்கூஸ் கவர்னரே!" என்று மெக்கானிக் பதிலடி கொடுத்தார்தான். ஆனால் அதற்குள் மாமனார் கை கழுவ எழுந்து போயிருந்தார். அன்றிலிருந்து 'சகலை' என்ற சொல்லை இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கல் மாதிரி எறிந்துகொண்டார்கள்.

மாமனார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடும் பள்ளமுமான இடங்களில் நிலம் அளக்கப் போனபோதெல்லாம் அவரைச் சுமந்தது ஒரு டூ-ஸ்ட்ரோக் மண்பாதை மோட்டார் சைக்கிள். ஒல்லியான உடம்பு, தூக்கிக் கட்டிய மட்கார்டு, முரட்டு டயர், முழங்கால் உயரத்தில் புகைக்குழாய். இடுப்பு எலும்பு மக்கர் செய்ததும் அதை மாடிப்படிக்கு அடியில் தள்ளியவர், அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. எலிகள் பார்த்துக்கொண்டன. காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் அவை தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தின.

கல்யாணப் பேச்சுக்காக அந்த வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோதே மெக்கானிக்கின் மனசு இந்த வண்டியிடம் போய்விட்டது. பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். படிக்கட்டுக்கு அடியில் பார்த்தபடியே "ரொம்ப" என்றார். அவர் மனைவி இதை இன்றும் மறக்கவில்லை. மறக்க விடுவதும் இல்லை. ஆகவே, மாமனார் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் படிக்கட்டின் அடியைக் காலி செய்யச் சொன்னபோது, மெக்கானிக் முதல் ஆளாகப் போய் நின்றார்.

மாமனார் மருமகன்கள் இருவரையும் சமமாக வெறுப்பவர். அளவு பிசகாத மனிதர். மரியாதையாலேயே அடிப்பார்.

"மாப்பிள்ளைங்களா, கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சு, ஞாயித்துக்கிழமை காலையில யார் இதை இந்த வாசலுக்கு ஓட்டிட்டு வர்றீங்களோ, அவங்களுக்கே வண்டி. யாரும் வரலேன்னா பழைய இரும்புக்காரன் வருவான். அவனாவது சொன்ன நேரத்துக்கு வருவான்."

மெக்கானிக் அன்றே அதைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

எலிகளை வெளியேற்றினார். டாங்கியின் துருவைக் கழுவினார். புது பிளக் போட்டார். நெருப்புப் பொறி நீலமாகத் தெறித்தது. எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றி, டாங்கிக்குக் கீழே இருக்கிற குழாயைத் திறந்துவிட்டு, கம்பீரமாகக் காலைத் தூக்கினார். உதைக்கவில்லை. கார்புரேட்டரிலிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகப் பெட்ரோல் ஒன்றுக்குப் போவதுபோல் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அப்படியும் உதைத்துப் பார்த்தார். வண்டி ஒரு ஏப்பம் விட்டது. பிளக்கைக் கழற்றினால், குளித்துவிட்டு வந்ததுபோல் சொட்டியது.

இந்த இடத்தில் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். கார்புரேட்டருக்கு அடியில் ஒரு கிண்ணம். அதற்குள் ஒரு ஃப்ளோட், அதாவது மிதவை. பெட்ரோல் நிறைய நிறைய மிதவை மேலே வந்து, ஒரு சிறு ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வருகிற துவாரத்தை அடைக்க வேண்டும். பந்தியில் கையை இலைக்கு மேலே நீட்டி 'போதும்' என்கிற ஆள் அது. இந்த வண்டியின் ஃப்ளோட் 'போதும்' என்று சொல்ல மறுத்தது.

"ஊசியில தூசு. தெரியும்" என்று காற்றடித்தார். கொட்டியது. "ஊசி தேஞ்சிருக்கு. தெரியும்" என்று புது ஊசி போட்டார். கொட்டியது. ஊசியைத் தள்ளுகிற ஃப்ளோட்டின் தகட்டு நாக்கை மேலே வளைத்தார், கீழே வளைத்தார், பக்கவாட்டிலும் வளைத்தார். கார்புரேட்டரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினார். முதலில் செல்லமாக, பிறகு கொலைவெறியோடு. ஒவ்வொரு முறையும் அவர் 'தெரியும்' என்றார்; ஒவ்வொரு முறையும் பெட்ரோல் 'அப்படியா' என்று கேட்டுவிட்டுக் கொட்டியது.

பேக்கரிக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்தார். "யோவ் தெரியும்! இந்தப் பக்கம் அடுப்பு எரியுதுய்யா! காலையில போட்ட பன்னெல்லாம் பெட்ரோல் பங்க் மாதிரி நாறுது. இன்னொரு தடவை அந்தக் குழாயைத் திறந்தீன்னா..."

"தெரியும், போய்யா!"

வீட்டிலும் வரவேற்பு குறைவில்லை. மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். "அந்தச் சட்டையோட அடுப்படிப் பக்கம் வராதீங்க. நீங்க எரிஞ்சா பரவாயில்ல, புதுசாத் திரை தச்சு மாட்டியிருக்கேன்."

சனிக்கிழமை மத்தியானம் பிளம்பர் வந்தார். உதவிக்கு அல்ல. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். நாடகம் பார்க்க வந்தவர் போல இருந்தது.

"என்ன சகலை, பட்டறைக்குள்ள ஆறு ஓடுது?"

"வேலை இருக்கு. கிளம்புங்க."

"நம்ம ஃப்ளஷ் டேங்க் சமாச்சாரம்தானே இது? அதே பந்து, அதே வால்வு."

மெக்கானிக்குக் காது சிவந்தது. "இது பந்து இல்ல. ஃப்ளோட். கக்கூஸ்ல இருக்கிறதையும் கார்புரேட்டர்ல இருக்கிறதையும் ஒண்ணா வச்சுப் பேசாதீங்க."

"கோவிச்சுக்காதீங்க சகலை. அந்தப் பந்துக்குள்ள..."

"தெரியும்!"

பிளம்பர் கடலையை வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினார். மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்தார். பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "தெரியும்ல? அப்புறம் நான் எதுக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார். தெருமுனை வரைக்கும் அவர் முதுகு சிரித்துக்கொண்டே போனது.

'அந்தப் பந்துக்குள்ள...' என்ன? மெக்கானிக் வாழ்க்கையில் எத்தனையோ பின்பாதிகளை வெட்டிப் போட்டிருக்கிறார். எதுவும் அவரைத் திரும்பி வந்து கடித்ததில்லை. இது கடித்தது. கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்பதைவிட அந்த வண்டியைத் தலைமேல் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். பந்துக்குள்ள தூசு? பந்துக்குள்ள காற்று? பந்துக்குள்ள உன் தலை! கிண்ணத்தைக் கழற்றி ஃப்ளோட்டை எடுத்தார். பித்தளைத் தகட்டில் செய்த இரட்டைக் குடுவை. ஈயம் வைத்து ஒட்டி மூடியது. அடைத்த டப்பாவுக்குள் என்ன இருக்கப்போகிறது என்று அதுவரை அதை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இப்போது ஆத்திரத்தில் அதைப் பிடித்து உலுக்கினார், பிளம்பரின் கழுத்து என்று நினைத்துக்கொண்டு.

'களக்' என்றது.

காதில் வைத்து இன்னொரு முறை உலுக்கினார். களக், களக். உள்ளே பெட்ரோல். வயிற்றில் பெட்ரோலைச் சுமந்தால் ஃப்ளோட் எப்படி மிதக்கும்? எங்கிருந்து மேலே வந்து ஊசியைத் தள்ளும்?

ஓட்டை எங்கே என்று கண்ணுக்குப் புலப்படவில்லை. வீட்டுக்கு ஓடினார். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தார்.

"ஏங்க, அந்தப் பாத்திரம்..."

"தெரியும்!"

வெந்நீரில் அமுக்கியதும், ஃப்ளோட்டின் ஒட்டுவாயில் ஓர் ஓரத்திலிருந்து நூல் போலக் குமிழிகள் கிளம்பின. மெக்கானிக்குக் கண் கலங்கியது. பெட்ரோல் ஆவிதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். பால் காய்ச்சும் பாத்திரம் அது என்கிற பின்பாதியை மனைவி பின்வாசலுக்கே வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, முழுசாகச் சொல்லி முடித்தாள்.

உள்ளே இருந்ததெல்லாம் ஆவியாகிப் போகும்வரை காத்திருந்து, பட்டறைக்குப் போய் ஓட்டையில் ஈயம் வைத்தார். சகலைமேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டார். ஃப்ளோட் கனத்துப்போய் மறுபடியும் மூழ்கியது, மறுபடியும் கொட்டியது, பேக்கரிப் பக்கமிருந்து மறுபடியும் வசவு வந்தது. அதிகப்படி ஈயத்தை அரத்தால் ராவி ராவி எடுத்தார். பூட்டினார். குழாயைத் திறந்தார். குனிந்து ரப்பர் குழாயின் நுனியையே பார்த்தார். ஒரு துளி திரண்டு தொங்கியது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

ஞாயிறு காலை வண்டி மாமனார் வாசலில் வந்து நின்றபோது தெரு முழுக்க நீலப் புகை. இரண்டு மகள்களும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்கள். பிளம்பர் முன்னாலேயே வந்திருந்தார். மாமனார் கைத்தடியோடு இறங்கிவந்து, வண்டியின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். முகத்தில் ஏதோ அசைந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார்.

"என்ன கோளாறு, மாப்பிள்ளை?"

"ஃப்ளோட்டுக்குள்ள பெட்ரோல் புகுந்திருந்துச்சு, மாமா."

"அதைச் சொன்னது நான்!" என்று பாய்ந்தார் பிளம்பர். "'பந்துக்குள்ள'ன்னு நேத்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பாதி வண்டி எனக்கு."

"பந்துக்குள்ள, அப்புறம்?" என்றார் மாமனார். எத்தனையோ வரப்புத் தகராறுகளைப் பார்த்தவர். "மிச்சத்தையும் சொல்லுங்க."

பிளம்பர் விழித்தார். "மிச்சம்... இவருதான் எப்பவும் பாதியில வெட்டிடுவாரே மாமா. அதனால இவர்கிட்டப் பேசும்போது நான் பின்பாதி யோசிச்சே வைக்கிறதில்ல."

அக்கா, தங்கை இருவரும் ஒரே நேரத்தில் தலையில் அடித்துக்கொண்டார்கள். வெற்றி உறுதியான மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்தினார். "எவனும் எடுத்துக் கொடுக்க வேணாம். எனக்கு முன்னாடியே தெரியும்!"

"முன்னாடியேன்னா எப்போலேர்ந்து, மாப்பிள்ளை?"

"முதல் நாள்லேர்ந்தே!"

"ஓஹோ." மாமனார் கைத்தடியை மண்ணில் ஊன்றினார், எல்லைக்கல் நடுவதுபோல. "நேத்து பேக்கரிக்காரர் வந்துட்டுப் போனார். வாரம் பூரா அவர் அடுப்புக்குப் பக்கத்துல பெட்ரோலை ஓட விட்டீங்களாம். அப்ப அது எல்லாம் தெரிஞ்சே செஞ்சது."

மெக்கானிக்கின் நெஞ்சு கொஞ்சம் உள்ளே போனது.

"தெரிஞ்சே தெருவைக் கொளுத்தப் பார்த்த ஆளுக்கு என் வண்டியைக் கொடுக்க மாட்டேன். இரும்புக்காரனுக்கே போகட்டும். தெரியாமச் செஞ்ச முட்டாளா இருந்தா கொடுக்கலாம். முட்டாள்னா இந்தக் குடும்பத்துக்குப் பழகிப்போச்சு. சொல்லுங்க. பெட்ரோல் உள்ள இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். பிளம்பரைப் பார்த்தார். அவர் சட்டைப்பையிலிருந்து கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்தார். அது சொட்டாமல், விக்காமல், டப டப டப என்று நின்ற இடத்தில் குதித்துக்கொண்டிருந்தது. 'தெரியும்' என்பது பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"தெரியாது, மாமா."

"என்ன சகலை, வண்டிச் சத்தத்துல கேக்கல?" என்றார் பிளம்பர், காதருகே கையைக் குவித்து.

மெக்கானிக் குனிந்து பெட்ரோல் குழாயை மூடினார். கிண்ணத்தில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு வண்டி மெல்ல அடங்கியது.

"தெரியாது" என்றார்.